சௌந்தரம் ஆர்ட்டிக்கிள் படிச்சது

புத்தகத்தை மூட வேணாம்மா, நீங்க படிங்க. நான் சும்மா அட்டையைத்தான் எட்டிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. பக்கத்து சீட்டுல யாராவது இங்கிலீஷ் புத்தகம் வச்சிருந்தா கண்ணு தானா அங்க போயிரும். இது நர்ஸுங்களுக்கு வைக்கிற பரீட்சைதானே, வெளிநாடு போறதுக்கு? நினைச்சேன். திண்டுக்கல் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே படிச்சுட்டிருந்தீங்க, அப்பவே நினைச்சேன். எதுவரைக்கும் போறீங்க, பொள்ளாச்சியா? நான் உடுமலையில இறங்கிருவேன். தம்பி வீடு.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நர்ஸுங்கிறதால கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. ஒரு பேஷண்ட்டுகிட்ட வலி இருக்கான்னு கேக்குறீங்க. அவங்க பதில் சொல்ல வாயைத் திறந்து பாதியில நிறுத்துறாங்க. அப்ப நீங்க அங்கயே நிப்பீங்களா, இல்ல அடுத்த கட்டிலுக்குப் போயிருவீங்களா? இல்லம்மா, உடனே சொல்லாதீங்க. நடந்ததை முதல்ல சொல்லிடுறேன்.

என் பேரு ஆறுமுகப்பெருமாள். பள்ளிக்கூடத்துல அந்தப் பேரு யாருக்கும் தெரியாது. ஆர்ட்டிக்கிள் சார்னா தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் எடுத்தேன். கட்டுரைன்னா, கதைன்னா, லீவ் லெட்டர்னா எனக்கு ஒண்ணுதான். ஏ, ஆன், த, இந்த மூணும் சரியா விழுந்திருக்கான்னு பார்ப்பேன். விழலைன்னா சுழிச்சுருவேன்.

பைத்தியம்னு நினைப்பீங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி பின் பெஞ்சுல உக்காந்திருக்கார். நான் 'த' போடாம, 'சன் ரைசஸ் இன் ஈஸ்ட்'னு சொல்லிட்டேன். அவர் எந்திரிச்சு, 'விச் சன், மிஸ்டர்?'னு கேட்டார். எந்த சூரியன்? எத்தனை சூரியன் இருக்கு உங்க ஊர்ல? பசங்க பூராவும் சிரிச்சுட்டானுங்க. பாடம் புரிஞ்சு சிரிக்கல, நான் முழிச்ச முழியைப் பார்த்துச் சிரிச்சானுங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் இலக்கணப் புத்தகத்தை எடுத்தவன்தான். அதுக்கப்புறம் எவனும் என்னைப் பார்த்து ஒரு ஆர்ட்டிக்கிளுக்காகச் சிரிச்சது கிடையாது.

சௌந்தரம் என் வீட்டுக்காரி. நத்தம் பக்கம் ஊரு. எட்டாவதோட நிறுத்திட்டாங்க. ஆனா பேசுவாம்மா. கண்டக்டர்கிட்ட பேசுவா, தயிர்க்காரம்மாகிட்ட பேசுவா, கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றவன்கிட்ட அவன் மாமியார் ஊரு வரைக்கும் கேட்டுருவா. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே எங்கப்பாகிட்ட அவதான் அதிகமாப் பேசினா. எனக்குப் பேச்சு வராது, பாடம்தான் வரும். இப்ப என்ன இவ்வளவு பேசுறீங்கன்னு கேப்பீங்க. வீட்டுல பேச ஆளில்ல, அதான்.

எங்களுக்கு ஒரே மக. மங்கை. லீட்ஸ்ல இருக்கா, இங்கிலாந்துல. மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை, இவளுக்கும் வேலை. எட்டு வயசுல ஒரு பொண்ணு, ஆதிரை. நாங்க ரெண்டு பேரும் ஆறு மாசம் இருந்துட்டு வரலாம்னு போன செப்டம்பர்ல போனோம்.

போன மறுவாரமே சௌந்தரம் பக்கத்து வீட்டு அம்மாவைப் பிடிச்சுட்டா. மார்கரெட்னு பேரு, தனியா இருக்கற மனுஷி. நான் மாடியில இருந்து கேக்குறேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இவ சொல்றா, 'யூ கம். ஐ கிவ் டீ. குட் டீ, இஞ்சி டீ.' அந்தம்மாவும் வந்து உக்காந்து குடிச்சுட்டுப் போகுது. அது அங்க இருந்து புதினாக் கொத்து கொண்டாரும், இவ இங்க இருந்து ரசப்பொடி கட்டிக் கொடுப்பா. எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் பொண்டாட்டி, இங்கிலீஷ்காரங்க ஊருல போய் நின்னுக்கிட்டு இப்படிப் பேசுறா. நான் கீழ இறங்கிப் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். என் மனைவிக்கு மொழி பழக்கமில்ல, தப்பா எடுத்துக்காதீங்கன்னு முறையா, இலக்கணமாச் சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, எங்களுக்குள்ள ஒரு கஷ்டமும் இல்லையேன்னு சொல்லுச்சு. மரியாதைக்குச் சொல்றதுதானே அது.

மறுநாள் காலையில இருந்து வகுப்பை ஆரம்பிச்சுட்டேன். பேத்தியோட வெள்ளைப் பலகை ஒண்ணு இருந்துச்சு, அதை அடுப்படியில சாய்ச்சு வச்சேன். மங்கை வேலைக்குப் போனதும் பாடம். முதல் தடவை ஒரு பொருளைச் சொன்னா ஏ. அதையே மறுபடி சொன்னா த. கேக்கறவங்களுக்கு எதுன்னு தெரிஞ்சுட்டா த. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்குன்னா அதுக்கும் த. ஒரு கரண்டியை எடுத்துக் காட்டி, ஏ ஸ்பூன். அதைக் கீழ வச்சு, த ஸ்பூன்.

சௌந்தரம் கேட்டா, "ஏங்க, கரண்டி அவங்க கண்ணு முன்னாடிதானே இருக்கு? எதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், ஆனாலும் சொல்லணும்னேன். சூரியன் ஒண்ணு, அதனால த சன். நிலா ஒண்ணு, த மூன். எழுதிக்கிட்டா. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, நமக்கு மங்கையும் ஒண்ணுதானே, அப்ப த மங்கையான்னு கேட்டா. பேருக்கு முன்னாடி வராதுன்னு சொன்னேன். அப்ப மகள்னு சொல்றப்ப வருமான்னா. அது மை டாட்டர், அங்கயும் வராதுன்னேன். ஒண்ணே ஒண்ணுன்னா வரும்னு நீங்கதானே சொன்னீங்கன்னு விடாமப் பிடிச்சுக்கிட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குத்தான் கோபம் வந்துருச்சு. பாடத்துல விளையாட்டு ஆகாது எனக்கு.

அப்புறம் ஒரு கட்டுப்பாடு வச்சேன். வீட்டுல இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொன்னா முழுசாச் சொல்லணும். ஆர்ட்டிக்கிள் விட்டுப்போனா முதல்ல இருந்து திரும்பச் சொல்லணும். சாப்பிடறப்பவும் அப்படித்தான். பேத்திகிட்ட, 'கிவ் பிளேட்'பா. நான் அவளைப் பார்ப்பேன். 'கிவ் ஏ பிளேட்.' பார்ப்பேன். 'கிவ் த பிளேட்.' அதுக்குள்ள அந்தப் பிள்ளை தட்டை எடுத்து நீட்டிக்கிட்டே உக்காந்திருக்கும். முதல்ல எல்லாம் ஆதிரை சிரிச்சுச்சு. பிறகு சிரிக்கிறதை விட்டுருச்சு. மங்கை ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அப்பா, அம்மா பேசுறது இங்க எல்லாருக்கும் புரியுது, விட்டுருங்கப்பான்னா. புரியறது வேற, சரியாப் பேசறது வேறன்னு சொன்னேன். அவளுக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன். இன்னிக்கு அவ அந்த ஊர்ல உத்தியோகம் பாக்குறான்னா எதனால?

நவம்பர் வாக்குல சௌந்தரம் பேச்சைக் குறைச்சுட்டா. அதை நான் கவனிச்சேன். கத்துக்கிறவங்களுக்கு அது நல்ல அறிகுறிம்மா. வாய்க்கு வந்ததைப் பேசறதை விட்டுட்டு யோசிச்சுப் பேசணும்னு தோணுதுல்ல. மார்கரெட்டம்மா ஒரு நாள் கேக் ஒண்ணு கொண்டு வந்து கதவைத் தட்டுச்சு. இவ திறந்தா. சிரிச்சா, தலையை ஆட்டினா, வாங்கிக்கிட்டா. ஒரு வார்த்தை பேசல. அந்தம்மா ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையான்னு கேட்டுச்சு. 'ஷி ஈஸ் லேர்னிங்'னு சொன்னேன். அதுக்கப்புறம் அது வர்றதில்ல.

பேத்திகூட மட்டும் ராத்திரி படுக்கையில ஏதோ பேசுவா. கதை சொல்லுவா. கதவு சாத்தியிருக்கும். உள்ள இருந்து, 'மூன் கம் டவுன். ராபிட் ஆஸ்க், மூன், மூன், யூ ஈட்டிங்?' அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு நாள் நான் கதவைத் திறந்து, 'த மூன், சௌந்தரம்'னு சொன்னேன். அதட்டக்கூட இல்லம்மா, மெதுவாத்தான் சொன்னேன். பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கிச்சு. சௌந்தரம், "சரிங்க, நாளைக்குப் படிச்சுக்கிறேன்"னு மட்டும் சொன்னா.

ஊருக்குத் திரும்பறதுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. பிப்ரவரி மாசம். குப்பையைத் தொட்டியில போடப் போனவ வாசப்படியில உறைஞ்சு கிடந்த பனியில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆபரேஷன் பண்ணாங்க. ஆபரேஷன்ல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டாக்டர் கையைக் குலுக்கி, பிரமாதமா முடிஞ்சதுன்னார். அடுத்த நாளே எந்திரிச்சு உக்கார வச்சுட்டாங்க.

வார்டுல மங்கைகிட்ட கேட்டாங்க, தமிழ் பேசற ஆள் வேணும்னா போன்ல ஏற்பாடு பண்றோம், எந்த நேரமும் கிடைக்கும்னு. நான் வேணாம்னுட்டேன். எதுக்கும்மா? நான் இருக்கேன். அவளும் அஞ்சு மாசமாப் படிச்சிருக்கா. இப்படி ஒரு சந்தர்ப்பத்துல பேசலைன்னா எப்பப் பேசப் போறா? மங்கைக்கு மனசில்ல. ஆனா அவ கம்பெனியில லீவு நீட்டிக் கேக்கற கவலையில இருந்தா, அதனால என்கிட்ட வாதாடல.

இப்பத்தான் நான் கேக்க வந்த விஷயம். கவனமாக் கேளுங்க.

பார்வையாளர் நேரம் முடிஞ்சு நான் கிளம்பி வந்துட்டேன். மங்கை பிள்ளையைக் கூப்பிடப் போயிட்டா. இருட்டினதுக்கு அப்புறம் ஒரு நர்ஸ் ரவுண்ட்ஸ் வர்றா. அவளும் அந்த ஊர்க்காரி இல்ல, பிலிப்பைன்ஸ்காரி. அவ இங்கிலீஷையும் நான் கேட்டிருக்கேன். பாதி வாக்கியத்துல ஆர்ட்டிக்கிளே இருக்காது. 'யூ ஹேவ் பெயின், மம்மா?' அவ்வளவுதான் அவ பேசறது. அப்படித்தான் சௌந்தரத்துகிட்டயும் கேட்டிருக்கா. அடுத்த கட்டில்ல ஒரு வயசான அம்மா, அவங்க பிறகு மங்கைகிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க. சாயங்காலம் பூராவும் சௌந்தரம் வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தாளாம். விரல்ல எண்ணி எண்ணி முணுமுணுத்தாளாம். ஜபம் பண்றாங்கன்னு நினைச்சு அவங்க தொந்தரவு பண்ணலையாம். நர்ஸ் வந்து கேட்டதும் இவ, 'ஐ ஹேவ்'னு ஆரம்பிச்சிருக்கா. நிறுத்தியிருக்கா. 'ஐ ஹேவ் த'ன்னிருக்கா. 'ஏ'ன்னிருக்கா. மறுபடி 'த'ன்னிருக்கா. அப்புறம் சிரிச்சுட்டு, 'நோ. தேங்க் யூ'ன்னு சொல்லிட்டாளாம்.

நர்ஸ் வலி இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டா.

விடியக் காலையில போன் வந்துச்சு. ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிருச்சாம். கால் எலும்பு, இடுப்பு எலும்பு உடைஞ்சவங்களுக்கு இது வர்றதுண்டாமே, உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்து இருக்காம். நாங்க போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு. முகத்தைத் துடைச்சு, தலையை வாரி, படுக்க வச்சிருந்தாங்க. வகிடு கோணலா எடுத்துட்டாங்க. நான்தான் சரி பண்ணேன்.

சொல்லுங்க. ஒரு மனுஷி பதில் சொல்ல ஆரம்பிச்சு நிறுத்துறா. ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதா? முழு வாக்கியமும் வரட்டும்னு பொறுக்கக் கூடாதா? இதைத்தான் நான் அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். நாலு பக்கம். அடிச்சுத் திருத்தின இடம் ஒண்ணு கிடையாது. வருத்தம் தெரிவிச்சு மரியாதையா பதில் போட்டாங்க. மங்கை அந்தப் புகாரை வாபஸ் வாங்கச் சொன்னா. அந்த நர்ஸ் இவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாளாம், அதனால பாவம் பார்க்குறா. நான் முடியாதுன்னுட்டேன். அதுல இருந்து எங்களுக்குள்ள பேச்சு சரியில்ல. வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவா. மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா. பிள்ளைகிட்ட குடும்மான்னா, அது தூங்குது, அது விளையாடப் போயிருக்குன்னு சொல்லுவா. எப்பக் கூப்பிட்டாலும் அது வீட்டுல இருக்கறதே இல்ல.

வீடு அமைதியா இருக்கும்மா. இப்படி ஒரு அமைதியை நான் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்ததில்ல. தயிர்க்காரம்மா வந்தா நான் பாத்திரத்தை நீட்டுறேன், ஊத்திட்டுப் போயிருது. அதுக்கும் என்கிட்ட பேச ஒண்ணுமில்ல. அன்னிக்கு ஒரு நாள், சௌந்தரம் எப்படி ரசத்துக்குப் புளி கரைப்பான்னு அந்தம்மாகிட்டயே கேட்டேன். எனக்குத் தெரியலை. அதுக்குத் தெரிஞ்சிருக்கு. இவதான் சொல்லியிருக்கா.

என்ன கேட்டீங்க? பஸ் சத்தத்துல சரியா விழல.

தமிழ்ல என்கிட்ட ஏதாவது சொன்னாளான்னா?

சொன்னா. அன்னிக்கு மத்தியானம் சொன்னா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். "ஏங்க, இங்கன நெஞ்சுக்குப் பக்கத்துல குத்துதுங்க. மூச்சு இழுத்தா ரொம்பக் குத்துது"ன்னு சொன்னா. விலாவுல கையை வச்சுக் காட்டினா. ஆஸ்பத்திரிச் சாப்பாடு, வாயுவா இருக்கும்னு நினைச்சேன். இருந்தாலும் நர்ஸ்கிட்ட சொல்லணும்ல. நானே போய்ச் சொல்லியிருக்கலாம், நர்ஸ் மேசை பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா அவ பேசிப் பழகணுமே. இவ்வளவு நாள் படிச்சதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? நீயே சொல்லு சௌந்தரம், ரவுண்ட்ஸ் வர்றப்ப நீயே சொல்லுன்னேன். வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். 'ஐ ஹேவ் ஏ பெயின் இன் த செஸ்ட்.' பெயினுக்கு ஏ, ஏன்னா முதல் தடவை சொல்றோம். செஸ்ட்டுக்கு த, ஏன்னா நெஞ்சு ஒண்ணுதான். திரும்பச் சொன்னா. ஏவையும் தவையும் மாத்திப் போட்டா. மறுபடி சொல்ல வச்சேன். மூச்சு வாங்கிச்சு, நடு நடுவுல நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

நீங்க ஏம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? வெயில் அடிக்குதா? திரையை இழுத்து விடட்டா?

பார்வையாளர் நேரம் முடிஞ்சு மணி அடிச்சுட்டாங்க. மப்ளரைச் சுத்திக்கிட்டு எந்திரிச்சேன். அவளுக்கு என்னை விட மனசில்ல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கக் கூடாதான்னு கேட்டா. ஆஸ்பத்திரிக் கட்டுப்பாடு, மீறக் கூடாதுன்னு சொன்னேன். நர்ஸ்கிட்ட சொல்லிருவியான்னு கேட்டேன். அப்ப சொன்னாம்மா. நான் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். அவளாக் கோத்துச் சொன்னது.

'யூ கோ. ஐ வில் டெல் த நர்ஸ்.'

த நர்ஸ். எந்த நர்ஸுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால த. யோசிக்காம, தடுமாறாம, அது விழ வேண்டிய இடத்துல வந்து விழுந்துச்சு. அஞ்சு மாசத்துல முதல் தடவையா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்து, 'வெரி குட், சௌந்தரம்'னு சொன்னேன். அவ சிரிச்சா.

அதுதான் நான் அவகிட்ட கடைசியாப் பேசினது. அதை மங்கைகிட்ட ஒரு தடவையாவது முழுசாச் சொல்லிடணும்னு பார்க்குறேன். ஆரம்பிச்சாலே போனை வச்சுருறா.